திரும்பிவருதலின் அரசியல்: காலிப் பெட்டி யாருடையது?

'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு தெருவுக்குள் வந்தவர் செய்த வேலைக்கு இன்று கல்விப்புலத்தில் ஒரு பெயர் உண்டு: ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ். தமிழில் தலைகீழ்ச் சரக்கோட்டம் எனலாம். பண்டம் ஆலையிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் போவது நேர் ஓட்டம். வீட்டிலிருந்து மறுபடி கடைக்கோ ஆலைக்கோ வருவது தலைகீழ். 1992இல் ஜேம்ஸ் ஸ்டாக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தப் பெயரிலேயே ஓர் அறிக்கை எழுதினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர்ஸ், டிபன்-லெம்கே இருவரும் 'பின்னோக்கிப் போதல்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு முழுப் புத்தகமே போட்டுவிட்டார்கள். இப்போது இது 'வட்டப் பொருளாதாரம்' என்ற பெரிய குடைக்குள் வந்து நிற்கிறது. சூழலியல் தோழர்களின் துண்டறிக்கைகளிலும் இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. கம்பெனியின் ஆண்டறிக்கையும் நம்முடைய துண்டறிக்கையும் ஒரே சொல்லை ஒரே அர்த்தத்தில் பயன்படுத்த ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் உதறல் எடுக்கும். அந்த உதறலிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

ரோஜர்ஸும் டிபன்-லெம்கேயும் தரும் வரையறையை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்க்கலாம். நுகர்வு நடக்கும் இடத்திலிருந்து தோற்றம் கொண்ட இடத்துக்குப் பண்டங்களும் அவை பற்றிய தகவல்களும் செல்வதைத் திட்டமிட்டு நடத்திக் கண்காணிப்பது. நோக்கம், மதிப்பை மறுபடி கைப்பற்றுவது அல்லது முறையாகக் கழித்துவிடுவது - சாரம் இவ்வளவுதான். மேலுக்கு வெகு சாதுவான வாக்கியம். ஆனால் 'மறுபடி கைப்பற்றுவது' என்ற வினைக்கு எழுவாய் யார்? நான் காசு கொடுத்து வாங்கி ஐந்து வருஷம் உழைக்கவைத்த ஒரு பொருளில் மிச்சமிருக்கும் மதிப்பு, இந்த வாக்கியத்தின்படி, என்னிடம் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறது. உரியவர் அதை மீட்டுக்கொள்கிறார். 'தோற்றம் கொண்ட இடம்' எது என்பதும் அப்படியே. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண் பூட்டிய கைபேசியின் தோற்றுவாய் அந்தப் பெண்ணின் கைகளா, கலிபோர்னியாவில் இருக்கும் தலைமையகமா? வரையறை இதைக் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அதன் வேலை.

ஆகவே என்னுடைய கேள்வி, பண்டம் திரும்பி வரவேண்டுமா கூடாதா என்பதல்ல. வரத்தான் வேண்டும். வரும்போது அது யாருடைய கையில் சேர்கிறது, யார் அதைத் திறக்கலாம், யாருடைய உழைப்பு வழியில் கணக்கில்லாமல் போகிறது என்பதே கேள்வி.

*

மேலை நாட்டில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. இரண்டு வழக்குகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் அற்பமான பண்டங்கள் பற்றியவை.

முதலாவது, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேமரா. 1986இல் ஃபூஜி ஜப்பானில் கொண்டுவந்தது. மறுவருஷம் கோடக்கும் இறங்கியது. ஃபிலிமோடு சேர்த்து மூடிய பிளாஸ்டிக் பெட்டி, மேலே அட்டை உறை. படம் எடுத்து முடித்ததும் பெட்டியோடு கொண்டுபோய் ஸ்டுடியோவில் கொடுக்கவேண்டும். அவர்கள் உடைத்து ஃபிலிமை எடுத்துக் கழுவித் தருவார்கள். பெட்டி அங்கேயே தங்கிவிடும். 'தூக்கி எறியும் கேமரா' என்று சூழலியலாளர்கள் திட்டத் தொடங்கியதும், பெட்டிகளைத் திருப்பி அனுப்பும் ஸ்டுடியோக்களுக்குக் கோடக் காசு கொடுக்க ஆரம்பித்தது. லென்சும் உள் சட்டகமும் மறுபடி புதுக் கேமராவுக்குள் போயின. தலைகீழ்ச் சரக்கோட்டம் பற்றி எழுதுபவர்கள் விரும்பிச் சொல்லும் வெற்றிக் கதைகளில் ஒன்று இது.

அந்தக் கதையில் வராத ஒரு பகுதி உண்டு. காலிப் பெட்டிகள் எல்லாமே கம்பெனிக்குத் திரும்பவில்லை. வேறு ஆட்களும் அவற்றை வாங்கினார்கள். சீனத்தில் இருந்த பட்டறைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே அட்டையை உரித்து, பிளாஸ்டிக்கை வெட்டித் திறந்து, புது ஃபிலிம் போட்டு, ஃபிளாஷுக்கு பேட்டரி மாற்றி, எண்ணியைத் திருப்பிவைத்து, மறுபடி ஒட்டி, புது அட்டை சுற்றினார்கள். இப்படித் தயாரானவற்றை ஜாஸ் போட்டோ போன்ற கம்பெனிகள் அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தன. கோடக் செய்தால் 'மறுசுழற்சி'. இவர்கள் செய்தால்? காப்புரிமைத் திருட்டு என்றது ஃபூஜி. 1999இல் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையம் ஃபூஜி சொன்னதை ஏற்றுக்கொண்டது. பெட்டியை இப்படிப் புதுப்பிப்பது பழுதுபார்ப்பது அல்ல, புதிதாக ஒன்றைக் கட்டுவது. புதிதாகக் கட்டும் உரிமை காப்புரிமை வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு என்றது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. ஃபிலிமும் பேட்டரியும் தேய்ந்துபோகிற பாகங்கள், அவற்றை மாற்றுவது பழுதுபார்ப்புதான் என்று தீர்ப்பு. ஆனால் ஒரு கொக்கி வைத்தார்கள்: முதலில் அமெரிக்காவில் விற்கப்பட்ட பெட்டிகளுக்குத்தான் இந்தச் சலுகை. வெளிநாட்டில் விற்ற பெட்டியைத் திறந்தால் அது திருட்டுத்தான்.

ஒரே பெட்டி, ஒரே எட்டுப் படிகள், ஒரே கை. எந்த நாட்டுக் கடையில் முதன்முதலாக விற்றது என்பதை வைத்து அந்தக் கை தொழிலாளியின் கையாகவோ திருடனின் கையாகவோ ஆகிறது. சட்டச் சொல்லாடல் எப்படிக் குற்றவாளியை உற்பத்தி செய்கிறது என்பதை விளக்க நம் நண்பர்கள் ஃபூக்கோவைத் தேடிப் பிரெஞ்சுச் சிறைகளுக்குப் போகிறார்கள். அட்டை சுற்றிய கேமராப் பெட்டியே போதும்.

இரண்டாவது வழக்கு எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது. நம் மாதிரி ஆட்களின் மெய்ப்புத்தாள்கள் எல்லாம் வெளிவருகிற பிரிண்டரின் மைப்பெட்டி. லெக்ஸ்மார்க் என்ற கம்பெனி தன் டோனர் பெட்டியை இரண்டு விலைக்கு விற்றது. முழு விலை கொடுத்தால் பெட்டி உங்களுடையது, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஏறத்தாழ 20 சதவீதம் தள்ளுபடியில் வாங்கினால் ஒரு நிபந்தனை: ஒருமுறைதான் பயன்படுத்தலாம், காலியானதும் எங்களுக்குத்தான் திருப்பித் தரவேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. இந்தத் தள்ளுபடிக்கு வைத்த பெயர் 'திருப்பிக்கொடுக்கும் திட்டம்'. கேட்கக் காதுக்கு எவ்வளவு குளிர்ச்சி! பெட்டிக்குள் ஒரு சில்லும் வைத்தார்கள். வேறு யாராவது மை நிரப்பினால் பிரிண்டர் அதை அடையாளம் கண்டு மறுக்கும்.

கவனிக்கவேண்டியது இதைத்தான். பண்டத்தைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு, அதை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் ஏற்பாடாகவும் இருக்கலாம், மற்றவர்கள் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவராமல் தடுக்கும் ஏற்பாடாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் ஒரு பெட்டி, ஓர் அஞ்சல் உறை, ஒரு பச்சை இலைப் படம். கம்பெனி திரும்ப வாங்கும் காலிப் பெட்டி ஒவ்வொன்றும், மை நிரப்பிப் பிழைக்கிற ஏதோ ஒரு சின்னக் கடைக்குப் போகாமல் நின்ற பெட்டி.

மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் இருந்த இம்ப்ரஷன் புராடக்ட்ஸ் என்ற சிறு கம்பெனி காலிப் பெட்டிகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தது. லெக்ஸ்மார்க் வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய் 2017 மே 30 அன்று தீர்ப்பு வந்தது. விற்ற நிமிஷத்தோடு காப்புரிமைக்காரரின் பிடி அந்தப் பண்டத்தின் மேல் தீர்ந்துபோகிறது. நிபந்தனை எழுதி வைத்தாலும், எந்த நாட்டில் விற்றாலும் தீர்ந்துபோனது தீர்ந்துபோனதுதான் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். கேமரா வழக்கின் கொக்கி பதினாறு வருஷத்துக்குப் பிறகு இப்படிக் கழன்றது. வாங்குபவரோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தை வைத்து அவர்மேல் வழக்குப் போட்டுக்கொள்ளலாம், அது வேறு விஷயம். ஆனால் காலிப் பெட்டி கைமாறிப்போன மூன்றாமவரைக் காப்புரிமையின் பேரில் துரத்த முடியாது.

முதலாளித்துவ நீதிமன்றம் முதலாளியைத் தோற்கடித்துவிட்டது என்று துள்ளவேண்டியதில்லை. சொத்துரிமைக் கோட்பாட்டின் பழைய விதி ஒன்றைத்தான் அவர்கள் காப்பாற்றினார்கள்: விற்றால் விற்றதுதான். சில்லு மட்டும் எங்கும் போகவில்லை. சட்டம் இழந்த இடத்தை மென்பொருள் பிடித்துக்கொண்டது. எங்கள் பத்திரிகை வேலைக்கு வைத்திருந்த பிரிண்டர் (வேறொரு கம்பெனியுடையது, பெயர் வேண்டாம்) ஒருநாள் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் படுத்துவிட்டது. கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் புதுப் பெட்டி வாங்கச் சொன்னார்கள். ரிச்சி தெருவில் ஒருவர் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், மை இருக்கு. சிப்புதான் இல்லேங்குது. பொய் சொல்ல அதுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க." பண்டத்தின் மொழி பற்றி நான் படித்த பல கோட்பாட்டுக் கட்டுரைகளைவிட அவருடைய கடைசி வாக்கியம் தெளிவாக இருந்தது.

லெக்ஸ்மார்க் கதைக்கு ஒரு வால் உண்டு. 2016இல் அந்தக் கம்பெனியை வாங்கிய கூட்டணியில் முன்னால் நின்றது அபெக்ஸ் டெக்னாலஜி, மாற்று மைப்பெட்டிகளும் அவற்றுக்கான சில்லுகளும் செய்கிற சீனக் கம்பெனி. யாரைத் துரத்தினார்களோ அந்த ஜாதி ஆட்களே வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். 2025இல் அதை ஜெராக்ஸ் வாங்கியது.

*

ஜெராக்ஸ் என்றதும் இன்னொன்றைச் சொல்லவேண்டும். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அது கம்பெனியின் பெயரே அல்ல, ஒரு வினைச்சொல். 1959இல் வந்த 914 என்ற எந்திரத்தை அந்தக் கம்பெனி பெரும்பாலும் விற்கவில்லை, வாடகைக்கு விட்டது. மாதத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் எடுக்கும் பிரதி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு. எந்திரம் எப்போதுமே கம்பெனியின் சொத்து. ஆகவே அது எப்படியும் திரும்பி வரும், திரும்பி வந்தால் பிரித்து மறுபடி பூட்டலாம், அப்படிப் பிரித்துப் பூட்டுவதற்கு ஏற்ற மாதிரி முதலிலேயே வடிவமைக்கலாம். இந்தத் தர்க்கத்தைத்தான் வால்டர் ஸ்டாஹெல் போன்றவர்கள் 1970களிலிருந்து ஒரு பொருளாதாரமாக வளர்த்தெடுத்தார்கள். பொருளை விற்காதே, அதன் பயனை விற்பனை செய். அப்போது பொருள் நீடித்து உழைப்பது உற்பத்தியாளரின் லாபத்துக்கே நல்லது என்று ஆகிவிடும். ஒரு பண்டத்தைப் பழுதுபார்க்க அதைப் புதிதாகச் செய்வதைவிட அதிக மனித உழைப்பும் குறைந்த எரிசக்தியும் தேவை, ஆகவே வேலைவாய்ப்பும் பெருகும். ஸ்டாஹெலை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வேலை பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவரிடம் இதைச் சொல்லிப்பாருங்கள். நிலம் உனக்கில்லை, நீ விளைச்சலுக்கு மட்டும் கொடு, நிலத்தை நல்லபடியாக வைத்திருப்பது என் பொறுப்பு. "இதுக்குப் பேரு குத்தகைதானேய்யா?" என்பார். பயன்பாட்டை வாடகைக்கு விடும் வட்டத்தில் வளையம் மூடிக்கொள்வது உண்மை. அது மூடிக்கொள்வது உடைமை ஒரே கையில் இருப்பதால்தான். வட்டத்தின் மையம் யாரிடம் என்ற கேள்வியைச் சூழலியல் கேட்காவிட்டால் குத்தகைதாரர் சங்கத்தின் வரலாறுதான் கேட்கவேண்டும்.

மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் உற்பத்தியின் கழிவுகளையும் நுகர்வின் கழிவுகளையும் பிரித்து எழுதியிருக்கிறார். யார்க்‌ஷயரில் பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி நூலாக்கும் தொழில் பற்றி, நாற்பத்தைந்து லட்சம் பேரின் மலத்தை லண்டன் நகரம் பெருஞ்செலவில் தேம்ஸ் நதியில் கலந்துவிடுவதைப் பற்றி எல்லாம் அங்கே இருக்கிறது. நம் ஆட்கள் இந்தப் பகுதியை மார்க்ஸும் சூழலியல்வாதிதான் என்று நிரூபிக்கவே எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தப் பகுதி வருகிற அத்தியாயத்தின் பொருள் என்ன? மாறா மூலதனத்தைச் சிக்கனப்படுத்துவது. கழிவு கச்சாப்பொருளாகத் திரும்பினால் லாப விகிதம் ஏறும் என்பது. மறுபயன்பாட்டை அவர் போற்றவும் இல்லை, தூற்றவும் இல்லை, கணக்கின் எந்தப் பக்கத்தில் அது எழுதப்படுகிறது என்று காட்டினார்.

கணக்கு மறுபக்கம் சாய்ந்தால் திரும்பி வந்த பண்டம் எரியும். 2018இல் பர்பரி என்ற இங்கிலாந்துக் கம்பெனி ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு பெறுமதியான விற்காத சரக்கை அழித்ததாக அதன் கணக்கறிக்கையிலிருந்தே தெரிந்தது. 2021இல் ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் ஊரிலிருந்த அமேசான் கிடங்கில், விற்காததும் திரும்பி வந்ததுமாக வாரத்துக்கு 1,30,000 பொருள்களை அழிக்க இலக்கு வைத்திருந்ததை ஐடிவி தொலைக்காட்சி வெளிக்கொண்டுவந்தது. பிரான்ஸ் 2020இல் இதைத் தடைசெய்து ஒரு சட்டம் போட்டது. கெட்ட எண்ணத்தால் யாரும் அழிப்பதில்லை. திரும்பி வந்த பெட்டியைத் திறந்து, சோதித்து, தரம் பிரித்து, மறுபடி அடுக்கி வைக்கிற கூலியைவிட அழிப்பது மலிவு. கிடங்கில் அலமாரி இடத்துக்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு சுவையான ஆய்வைச் சொல்லவேண்டும். திரும்பி வரும் பண்டங்கள் பற்றி வான் வாஸன்ஹோவ், கைட் முதலானோர் 2004இல் எழுதிய கட்டுரை. கணினி மாதிரிப் பண்டங்கள் வாரத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் மதிப்பிழக்கின்றன. தூரத்தில் ஒரே மையக் கிடங்குக்கு எல்லாவற்றையும் அனுப்பி, அங்கே வரிசையில் காத்திருந்து சோதிக்கப்படுவதற்குள் பண்டம் செத்துவிடுகிறது. ஆகவே திரும்பக் கொடுக்கும் இடத்திலேயே, உடனடியாக, ஓர் ஆள் பார்த்து இது புதுசு, இது பழுது, இது பாகத்துக்கு, இது உருக்க என்று பிரித்துவிடவேண்டும் என்கிறார்கள். இந்த முன்கூட்டிய பிரித்தலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்ரீபோன்மென்ட்'. நம்ம ஊர் ஆபீஸ் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கவனிக்க.

அப்புறம் யோசித்துப் பாருங்கள், காயலான் கடைக்காரர் என்ன செய்கிறார்? நீங்கள் கொண்டுபோட்ட ஃபேனைத் தட்டிப்பார்க்கிறார். காயில் செம்பா அலுமினியமா என்று சுரண்டிப்பார்க்கிறார். மோட்டார் ஓடுமானால் ஒரு பக்கம், ஓடாதென்றால் செம்பு ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம். அரை நிமிஷம். புதுப்பேட்டையில் வண்டி பிரிப்பவர்கள், ரிச்சி தெருவில் மடிக்கணினி திறப்பவர்கள், எல்லோரும் பார்ப்பது இந்தத் தரம் பிரிக்கும் வேலைதான். மேலாண்மைக் கோட்பாடு கணிதச் சமன்பாடு போட்டு வந்துசேர்ந்த இடத்தில் இவர்கள் ஏற்கெனவே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கோட்பாடு அவர்களை 'முறைசாராத் துறை' என்ற ஒரு சொல்லில் கட்டி ஓரத்தில் வைத்துவிடுகிறது. முறை இல்லாதது எங்கே? எழுதப்படாத முறை, அவ்வளவுதான்.

*

இந்த இடத்தில் நம் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும். "நம்ம பாட்டி காலத்துல எல்லாமே மறுபயன்பாடுதானே? பழைய புடவை தொட்டிலாச்சு, தொட்டில் கரித்துணியாச்சு. வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிக்கிறான்." இந்தக் குரல் எனக்கு ரொம்ப எரிச்சலைத் தருவது. எந்தப் பாட்டி, எந்த வீட்டுப் பாட்டி?

நம் ஊரில் பழசு வட்டத்தில் சுற்றவில்லை. சரிவில் இறங்கியது. பழைய வேட்டி, மிஞ்சிய சோறு, முதல்நாள் குழம்பு எல்லாம் மேலிருந்து கீழே, சேவைச் சாதிகளின் மடிக்கும் சட்டிக்கும் வந்தன. வண்ணார் வீட்டுப் பெண்கள் இருட்டியதும் வாசல் வாசலாக நின்று எடுத்த ஊர்ச்சோறு கூலியா, மறுபயன்பாடா? பயன்படுத்தப்பட்டது என்பதே தீட்டு என்கிற சமூகத்தில், பயன்படுத்தப்பட்டதை வாங்கிக்கொள்வது ஒருவரின் இடத்தைக் குறிக்கும் முத்திரையாக இருந்தது.

உண்மையிலேயே மூடிய வளையம் ஒன்றும் இருந்தது. பண்ணையார் தொழுவத்தில் மாடு செத்தால் அதைத் தூக்கிப்போக வேண்டிய கட்டாயம் சேரிக்கு. தோலை உரித்து, ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டு, கமலை இறைக்கும் தோலாகவும் வாராகவும் செருப்பாகவும் அதே பண்ணையார் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். ஒரு துணுக்குக்கூட வீணாகவில்லை. சரக்கோட்டத் தூரம் ஒரு மைலுக்குள். மதிப்பு முழுக்க 'மறுபடி கைப்பற்றப்பட்டது'. மேலாண்மைப் பள்ளியில் வைத்தால் பரிசு வாங்கும். அந்த வளையத்துக்குள் நின்ற மனிதர் தான் செய்த செருப்பைத் தானே போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடக்க முடியாது. ஆகவே வளையம் மூடிக்கொள்கிறதா என்பதை மட்டும் அளவுகோலாக வைப்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

இன்றும் பழசைத் தொடும் கைகள் பெரும்பாலும் யாருடையவை என்று பெருங்குடிக் குப்பைமேட்டுக்கும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கும் போனவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1993இல் கோக்கோ கோலா இந்தியாவுக்குத் திரும்பி வந்து பார்லேயின் தம்ஸ் அப் முதலிய பெயர்களை வாங்கியபோது குளிர்பானம் என்றால் கண்ணாடிப் பாட்டில்தான். குடித்துவிட்டுக் கடையிலேயே வைக்கவேண்டும், எடுத்துப்போனால் பாட்டில் காசு கட்டவேண்டும். மரப்பெட்டியில் அடுக்கித் திரும்பிப்போய், கழுவி, நிரம்பி வரும். பிறகு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. இதை 'வசதி' என்று விளம்பரம் செய்தார்கள். யாருக்கு வசதி? பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோய்க் கழுவுகிற செலவு கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலிருந்து இறங்கி நகராட்சித் துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் ஏறியது. இப்போது அதே கம்பெனிகள் காலி பிளாஸ்டிக்கைச் சேகரிக்கப் 'பொறுப்பு' எடுத்துக்கொள்வதாக விழா நடத்துகின்றன.

அந்தப் 'பொறுப்பு' என்ற சொல் இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டது. உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு. மின்னணுக் கழிவுக்கு 2011 விதிகளில் முதலில் நுழைந்தது, 2016இல் விரிந்தது. 2022 நவம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய விதிகளில் உருமாறியது. இந்த உருமாற்றத்தை நம் ஆட்கள் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். பழைய விதிகளில் சேகரிப்பு மையம், பிரித்தெடுப்பவர் என்றெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். புதிய விதிகளில் பதிவுசெய்ய வேண்டியவர்கள் நான்கே வகை: தயாரிப்பவர், சந்தைக்குக் கொண்டுவருபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர். மறுசுழற்சியாளர் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்று உலோகக் கணக்கில் சான்றிதழ் உண்டாக்குவார். கம்பெனி அதை விலைக்கு வாங்கித் தன் கடமையைத் தீர்த்துக்கொள்ளும். பண்டம் கம்பெனிக்குத் திரும்பவேண்டிய தேவையே இல்லை, சான்றிதழ் திரும்பினால் போதும். தலைகீழ்ச் சரக்கோட்டத்திலிருந்து சரக்கைக் கழற்றிவிட்டார்கள். 2024இல் இந்தச் சான்றிதழுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்று கீழ்வரம்பு வைத்ததும், இது அநியாய விலை என்று டைகின், சாம்சங், எல்ஜி உள்ளிட்ட கம்பெனிகள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் நடந்தன. கிலோ 22 ரூபாய்க்கே இந்தப் பாடு.

ரிச்சி தெருக்காரர் இந்த நான்கில் யார்? புதுப்பிப்பவர் என்று பதிந்துகொள்ளலாம்தான் - கம்பெனிப் பதிவு, வரி எண், இணையதளக் கணக்கு, காலாண்டுக் கணக்குத் தாக்கல் எல்லாம் கைவசம் இருந்தால். புதுப்பித்ததற்கு அவருக்குக் கிடைக்கும் சான்றிதழோ கம்பெனியின் கடமையைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. ஒரு கணினியை இன்னும் ஐந்து வருஷம் ஓடவைப்பதைவிட அதை நொறுக்கிச் செம்பு எடுப்பதற்குச் சட்டம் மதிப்பெண் அதிகம் போடுகிறது. பழுதுபார்ப்பவர் ஒருபக்கம் சில்லிடம் தோற்கிறார், மறுபக்கம் சான்றிதழிடம்.

*

கடைசியாக ஒரு பாட்டில். நீலகிரிக் காட்டோரங்களில் உடைந்து கிடக்கும் மதுப்பாட்டில் யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதை அடுத்து, 2022 மே 15 முதல் அந்த மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பும். பின்னர் மாவட்டம் மாவட்டமாகத் திட்டம் விரிந்தது. நம் நண்பர்களில் சிலர் 'குடிகாரனிடம் அரசு இன்னொரு பத்து ரூபாய் பிடுங்குகிறது' என்றார்கள், சிலர் 'காடு பிழைத்தது' என்றார்கள். இரண்டு பேரும் பாட்டிலைப் பார்க்கவில்லை.

டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்கு விடப்பட்ட டெண்டர்களின் வாசகத்தைப் படித்திருக்கிறீர்களா? தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில்களைச் சேகரிக்கவுமான உரிமை என்று இருக்கும். காலிப் பாட்டில் குப்பை என்று அரசு ஒருபோதும் நினைத்ததில்லை. அது ஏலம் போகிற உரிமை. சாக்குப்பையோடு காலையில் பார் வாசலில் குனிந்து பொறுக்குகிறவர், அந்த வாசகத்தின்படி, ஒப்பந்தக்காரரின் சொத்தைத் தொடுகிறவர். எத்தனை அடி உதை இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது! பத்து ரூபாய்த் திட்டத்தில் பாட்டிலை யார் கொண்டுவந்தாலும் காசு. வாங்கிக் குடித்தவர்தான் வரவேண்டும் என்றில்லை. பழைய பாட்டில் கடையில் சில்லறைக் காசுக்குப் போன பாட்டிலுக்குப் பொறுக்குகிறவர் கையில் பத்து ரூபாய் விழ வழி பிறந்தது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் அந்தப் பாட்டிலை வாங்கி வைப்பது யார்? 2003இல் அரசு சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்டபோது தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட ஊழியர்கள். ஸ்டிக்கர் ஒட்டுவது, திரும்பி வருவதை எண்ணுவது, காசு கொடுப்பது, நாற்றமடிக்கிற பாட்டில்களைப் பத்துக்குப் பத்து கடைக்குள் அடுக்குவது, உடைந்தால் கூட்டுவது எல்லாம் அதே ஆட்கள் தலையில். சங்கங்கள் எதிர்த்துப் போராடின: இடமில்லை, ஆளில்லை, வேண்டுமானால் தனி ஏற்பாடு செய்யுங்கள் என்றன. 'காடு வாழ்க' என்று எழுதிய பத்திரிகைகள் பலவற்றுக்கும் இந்தப் போராட்டம் திட்டத்துக்கு இடைஞ்சலாக மட்டுமே தெரிந்தது. திரும்பி வரும் பாட்டிலைத் தொடும் கைக்குத் தனிக் கூலி என்ற கோரிக்கையைச் சூழலியல் கோரிக்கையாக வாசிக்க நமக்கு இன்னும் வரவில்லை. திரும்பக் கேட்கப்படாமல் தங்கிவிடும் பத்து ரூபாய்கள் மாவட்டவாரியாக எவ்வளவு, எந்தத் தலைப்பில் செலவாகின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கேட்டவர்கள் இருந்தால், கடைக்குள் நின்று பாட்டில் எண்ணுகிற தோழர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். கட்டுரையாக இருக்கவேண்டும் என்றில்லை, ஒரு நாள் வேலையின் குறிப்பாக இருந்தாலும் போடுவோம்.